ரிக்கோ ஜிஆர் 3: ஒரு 28 மி.மீ. கேமராவை எடை போடுவது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஐந்து வருடமாக என் கால்சட்டைப் பையில் ஒரு ரிக்கோ ஜிஆர் 3 இருக்கிறது. படம் எடுக்கும் நண்பர்கள் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்ததும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது. தொழிலுக்காக இல்லாமல், ஆனால் விளையாட்டாகவும் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து கேமராவோடு கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

லென்ஸில் 18.3 மி.மீ. என்று போட்டிருக்கிறது. எல்லோரும் 28 என்கிறார்களே?

இரண்டும் சரி. 18.3 என்பது லென்ஸின் உண்மையான குவியத் தூரம். இந்தக் கேமராவின் சென்சார், அதாவது ஃபிலிமுக்குப் பதிலாகப் படத்தை வாங்கும் சில்லு, ஏபிஎஸ்-சி என்ற அளவு. பழைய 35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறியது. அந்தச் சிறிய சென்சாரில் 18.3 மி.மீ. லென்ஸ் எவ்வளவு காட்சியைப் பிடிக்கிறதோ, அதே அளவை ஃபிலிம் கேமராவில் பிடிக்க 28 மி.மீ. லென்ஸ் வேண்டும். ஒப்பிட வசதியாக எல்லோரும் அந்த 28-ஐயே சொல்கிறோம்.

எண்ணை விடுங்கள், கண்ணால் பாருங்கள். 28-ல், கேமராவைப் படுக்கை வசமாகப் பிடித்து ஒரு சுவருக்கு 2 மீட்டர் தள்ளி நின்றால், சுமார் இரண்டரை மீட்டர் அகலமும் 1.7 மீட்டர் உயரமும் ஃபிரேமுக்குள் வரும். அதாவது 2 மீட்டர் தள்ளி நிற்கும் ஓர் ஆள் தலை முதல் கால் வரை இழுத்துப் பிடித்தாற்போல அடங்குவார். அவருக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருக்கும். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் வைட் ஆங்கிள் படம். வெறுமையாக இருந்தால் படமும் வெறுமையாகத்தான் இருக்கும்.

ரிக்கோ ஏன் இந்த 28-ஐயே பிடித்துக்கொண்டிருக்கிறது?

1996-ல் வந்த ஜிஆர் 1 ஃபிலிம் கேமராவிலேயே 28 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ்தான் (எஃப் என்பது லென்ஸ் திறப்பின் அளவு, எண் சிறிதானால் திறப்பு பெரிது). 2005-ல் ஜிஆர் டிஜிட்டல் வந்தபோது சென்சார் விரல் நக அளவுதான் இருந்தது, பார்வைக் கோணம் மட்டும் அதே 28. 2013-ல் சென்சார் ஏபிஎஸ்-சி ஆனது. 2015-ல் ஜிஆர் 2, 2019-ல் ஜிஆர் 3. உடல் மாறியது, சென்சார் மாறியது, கோணம் மாறவில்லை. ஜப்பானியப் புகைப்படக்காரர் டாய்டோ மோரியாமா டோக்கியோ தெருக்களில் ஃபிலிம் காலத்திலும் டிஜிட்டல் காலத்திலும் இந்த வரிசைக் கேமராக்களைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றியவர். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்துவிட்டு இந்தக் கேமராவைத் தேடி வந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நானும் அப்படி வந்தவன்.

போனிலேயே வைட் இருக்கிறது. இதற்குத் தனியாக ஏன் செலவு செய்ய வேண்டும்?

நியாயமான கேள்வி. இன்றைய போன்களின் முதன்மை கேமரா பெரும்பாலும் 24-லிருந்து 26 மி.மீ. வரைதான், கோணத்தில் ஜிஆரைவிடச் சற்று அகலம்கூட. பகல் வெளிச்சத்தில் எடுத்து, போன் திரையிலேயே பார்ப்பதாக இருந்தால் செலவு செய்யாதீர்கள். மனதாரச் சொல்கிறேன்.

வித்தியாசம் மூன்று இடத்தில் தெரிகிறது. முதலாவது சென்சார் பரப்பு. ஜிஆர் 3-ல் 23.5க்கு 15.6 மி.மீ. போன்களில் பெரியது என்று விளம்பரம் செய்யப்படும் ஒரு அங்குல வகை சென்சாரே 13.2க்கு 8.8 மி.மீ.தான். பரப்பில் மூன்று மடங்கு வேறுபாடு. இருட்டிலும், நிழலைத் தூக்கித் திருத்தும்போதும், பெரிதாக அச்சுப் போடும்போதும் அது தெரியும்.

இரண்டாவது, போன் பல படங்களைச் சேர்த்து ஒரு படம் செய்கிறது. நிழல் எவ்வளவு இருட்டாக இருக்க வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்துவிடுகிறது. மத்தியான வெயிலில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் பின்னால் வீட்டு உள்ளறை கும்மிருட்டாக இருப்பது எனக்கு வேண்டும். போன் அந்த இருட்டுக்குள் விளக்குப் போட்டுவிடுகிறது.

மூன்றாவதைக் கடையில் நின்று சொல்லிப் புரியவைக்க முடியாது: பொத்தானை அழுத்தும் கணத்துக்கும் படம் விழும் கணத்துக்கும் இடையிலான நெருக்கம். அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

ஜூம் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது?

நடந்துதான். முதல் இரண்டு வாரம் கை ஜூம் வளையத்தைத் தேடும். பிறகு கால் வேலை செய்யத் தொடங்கும்.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. இந்தக் கேமராவில் 35, 50 மி.மீ. கோணங்களுக்கு ஃபிரேமை வெட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறது. முழுப் படம் 24 மெகாபிக்சல். 35-க்கு வெட்டினால் சுமார் 15, 50-க்கு வெட்டினால் சுமார் 7. நான் 35-ஐ எப்போதாவது பயன்படுத்துவேன். 50 வேண்டும் என்று அடிக்கடி தோன்றினால் நீங்கள் வாங்க வேண்டிய கேமரா வேறு.

அவ்வளவு கிட்டே போனால் திட்ட மாட்டார்களா?

எல்லோரும் கேட்டுவிட்டுச் சிரிக்கும் கேள்வி இது. ஆனால் இந்தக் கேமரா உங்களுக்குப் பொருந்துமா என்பதை முடிவு செய்வதும் இதுதான். ஒரு மனிதருக்கு ஒன்றரை மீட்டர் தூரத்தில் நிற்க நீங்கள் தயாரா? 28-ல் அதைவிட ரொம்பத் தள்ளி நின்றால் ஆள் எறும்பாகிவிடுவார். தெருவில் நின்று தெருவைப் பார்த்த படம்தான் கிடைக்கும்.

ஒரு பங்குனி மாதம், மயிலாப்பூரில் அறுபத்து மூவர் திருவிழா. வடக்கு மாட வீதி முனையில் ஒரு பெரியவர் எவர்சில்வர் அண்டாவிலிருந்து நீர்மோர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். கறிவேப்பிலையும் இஞ்சியும் மிதக்கும் மோர். நான் முதலில் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று எடுத்தேன். படத்தில் அவர், அண்டா, கடைப் பலகை, மின்கம்பி, நாற்பது தலைகள் என எல்லாம் இருந்தன. எது விஷயம் என்பது மட்டும் இல்லை. பிறகு அவர் முன்னாலேயே போய் நின்று, "ஐயா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்றேன். "மொதல்ல மோரைக் குடிப்பா" என்று டம்ளரை நீட்டினார். குடித்தேன். அடுத்தவருக்கு அவர் ஊற்றும்போது எடுத்தேன். நீட்டிய கையும் டம்ளரும் படத்தின் கீழ்ப்பாதியை நிறைத்தன, மோர்த் தாரை நடுவில், அவர் முகம் அதற்கு மேல். பின்னால் நாயன்மார் பல்லக்கு ஒன்று திரும்பி வருகிறது. பல்லக்கைச் சுமக்கிறவரின் தோள் துண்டுகூடத் தெளிவாக இருக்கிறது. முன்னால் கை, நடுவில் முகம், பின்னால் திருவிழா மூன்றும் ஒரே படத்தில் வந்தது 28-னால். அதற்கு நான் கொடுத்த விலை, போய்க் கேட்டது.

கேட்காமல் எடுக்கும் தருணங்களும் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் யாராவது கையைக் காட்டி வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள், எடுத்திருந்தால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். கேமரா சிறியதாக இருப்பது பதுங்கி எடுப்பதற்காக என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒன்றரை மீட்டரில் யாரும் பதுங்க முடியாது. சிறிய கேமரா எதிரில் இருப்பவரை மிரட்டுவதில்லை, அது போதும்.

ஸ்னாப் ஃபோகஸ் என்கிறார்களே, அது என்ன?

தூரத்தை முன்கூட்டியே சொல்லிவைப்பது. 1 மீட்டர், 1.5, 2, 2.5, 5, முடிவிலி என்று அமைப்புகள் இருக்கின்றன. பொத்தானைப் பாதி அழுத்தினால் வழக்கமான ஆட்டோ ஃபோகஸ். ஒரே மூச்சில் முழுசாக அழுத்தினால், எதையும் தேடாமல் நீங்கள் சொல்லிவைத்த தூரத்தில் படம் விழும். குழந்தை குதிக்கும் கணம், டீ மாஸ்டர் கையைத் தலைக்கு மேல் உயர்த்தும் கணம், இவை ஆட்டோ ஃபோகஸுக்காகக் காத்திருப்பதில்லை.

இது வேலை செய்வதற்குக் காரணம் குட்டையான லென்ஸ். குவியத் தூரம் குறையக் குறைய, தெளிவாக விழும் ஆழம் கூடும். வழக்கமான கணக்குப்படி, எஃப் 8 வைத்து 1.5 மீட்டருக்கு ஸ்னாப் வைத்தால் ஏறக்குறைய 90 செ.மீ.யிலிருந்து 5 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். அந்த மோர்ப் படத்தில் டம்ளரும் பல்லக்கும் ஒன்றாகத் தெளிவாக விழுந்தது இப்படித்தான். எஃப் 8-லேயே 2 மீட்டருக்கு வைத்தால் சுமார் 1 மீட்டரில் தொடங்கித் தெருக்கோடி வரை போகும். நிழலில் எஃப் 5.6-க்கு இறங்கினால், 1.5 மீட்டருக்கு வைத்த ஃபோகஸ் 1-லிருந்து 3 மீட்டர் வரைதான் தாங்கும். இந்த மூன்று கணக்கையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், போதும்.

கடும் வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 400, எஃப் 8 என்றால் ஷட்டர் 1/1600 விநாடி பக்கம் வரும். எந்த அசைவும் உறைந்துவிடும். அதே வெயிலில் பின்னணி மங்கலாக வேண்டும் என்று எஃப் 2.8-க்குத் திறந்தால் வேறு சிக்கல் வரும். இதில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் முழுத் திறப்பில் அதிகபட்ச வேகம் 1/2500தான். அப்போது உள்ளே இருக்கும் என்டி ஃபில்டர் என்ற இருண்ட கண்ணாடியைப் போட்டுக்கொள்ளலாம்; வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் குறைக்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி).

குடும்பப் படம் எடுத்தேன். ஓரத்தில் நின்ற அத்தை குண்டாகத் தெரிகிறார். லென்ஸ் பழுதா?

பழுதில்லை. இந்த லென்ஸ் நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும். அகலமான கோணத்தில் அப்படிக் காட்டினால் ஓரத்தில் இருக்கும் உருண்டைப் பொருள் இழுபட்டே தீரும். 28-ல் படுக்கை ஃபிரேமின் இடது, வலது ஓரத்தில் ஒரு பந்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அகலமாகத் தெரியும். மூலைக்குப் போனால் நான்கில் ஒரு பங்கு. விலை எத்தனை மடங்கு கொடுத்து வேறு 28 வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

மூக்கு பெரிதாகத் தெரிவது வேறு விஷயம். அது நீங்கள் முகத்துக்கு மிக அருகில் போனதால் வருவது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஆட்களை நடுப்பகுதியில் நிறுத்துங்கள், அரை மீட்டருக்குள் முகம் எடுக்காதீர்கள், ஓரத்தைச் சுவருக்கும் மரத்துக்கும் விட்டுவிடுங்கள். அத்தையை நடுவில் நிற்கவைத்து இன்னொரு படம் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

கோபுரம் பின்னால் சாய்கிறதே?

கேமராவை மேலே அண்ணாந்து பிடித்தால் சாயும். நேராகப் பிடித்தால் சாயாது, ஆனால் உச்சி வெட்டுப்படும். சுமார் 37 மீட்டர் உயரமுள்ள கபாலீசுவரர் கோயில் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவைச் செங்குத்தாக, நேராகப் பிடித்து, உச்சிக் கலசம் வரை அடக்க வேண்டுமானால் சுமார் 55 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். முகப்பில் மாட்டும் ஜிடபிள்யூ-4 என்ற துணை லென்ஸ் கோணத்தை 21 மி.மீ.க்கு அகலப்படுத்துகிறது, அதோடு என்றால் 41 மீட்டர் போதும். ஆனால் அதை மாட்டிவிட்டால் கேமரா பையில் நுழையாது.

திரையில் வரும் சமநிலைக் கோட்டை நான் அணைப்பதே இல்லை. வைட் படத்தில் இரண்டு டிகிரி சாய்வுகூடக் கண்ணை உறுத்தும்.

கடையில் கையில் கொடுத்தால் என்னென்ன சோதிக்க வேண்டும்?

மெனுவைத் தடவிக்கொண்டிருக்காதீர்கள், அதை வீட்டில் படிக்கலாம். உங்கள் மெமரி கார்டை எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் பதினைந்து நிமிடம் கேளுங்கள். "அண்ணே, வெளியில வாசல்ல நின்னு நாலு படம் எடுத்துப் பாக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

முதல் சோதனை செங்கல் சுவர், அல்லது ஷட்டர் கதவு. சுவருக்கு நேராக, கோணல் இல்லாமல், 2 மீட்டரில் நின்று எஃப் 2.8-ல் ஒரு படம், எஃப் 5.6-ல் ஒரு படம். நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. மூன்று மூலை தெளிவாக, ஒன்று மட்டும் குழைந்திருந்தால் அந்தப் பிரதியில் கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. கோணலாக நின்றுவிட்டீர்களோ என்ற சந்தேகம் வந்தால் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து இன்னொன்று எடுங்கள். குழைவு படத்தின் அதே மூலையில் இருந்தால் குற்றம் லென்ஸில். சுவரின் அதே செங்கலைப் பின்தொடர்ந்து எதிர் மூலைக்குப் போனால் குற்றம் நீங்கள் நின்ற விதத்தில். வாங்கும் நேரத்தில் இந்த ஒரு சோதனையை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. தாளில் உள்ள எண்கள் எல்லாப் பிரதிக்கும் ஒன்று; உங்கள் கைக்கு வரும் பிரதி ஒன்றே ஒன்று.

இரண்டாவது, வெளிச்சத்துக்கு எதிராக. கடை வாசலுக்கு உள்ளே நின்று வெயிலைப் பார்த்து எடுங்கள். இருட்டான பகுதியில் வெள்ளைப் படலம் படிகிறதா, ஊதா ஓரம் வருகிறதா என்று பாருங்கள். வைட் லென்ஸில் சூரியனோ தெருவிளக்கோ ஃபிரேமுக்குள் வராமல் தப்பிப்பது கடினம் என்பதால் இது முக்கியம். ஜிஆர் 3 இதில் நன்றாகவே தேறும்.

மூன்றாவது, வெற்று வானம் அல்லது வெள்ளைச் சுவர், எஃப் 16-ல். சென்சாரில் தூசு இருந்தால் சாம்பல் புள்ளியாக வந்து நிற்கும்.

நான்காவது, கை. ஒரு கையால் பிடித்து, அதே கையின் கட்டை விரலால் அமைப்பை மாற்றி, படம் எடுத்து, மறுபடி பையில் போடுங்கள். இந்தக் கேமரா 109க்கு 62 மி.மீ., 33 மி.மீ. தடிமன், பேட்டரி, கார்டு சேர்த்து 257 கிராம். பொத்தானை அழுத்தி 0.8 விநாடியில் தயாராகிவிடும். கையில் உட்காரவில்லை என்றால் மற்ற எல்லாச் சோதனையும் வீண்.

உண்மையான குறைகள் என்ன?

பேட்டரிதான் முதல் குறை. ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம் என்று நிறுவனமே சொல்கிறது. திருவிழாவுக்குப் போனால் எனக்கு மூன்று பேட்டரி வேண்டியிருக்கிறது. யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் என்பதால் பவர் பேங்க் உதவும்.

அடுத்தது தூசு. கேமராவை இயக்கும்போது லென்ஸ் குழல் வெளியே நீளும், அணைக்கும்போது உள்ளே போகும். போகும்போது காற்றையும் தூசையும் சேர்த்து இழுக்கும். மழை, தூசுத் தடுப்பு இதில் இல்லை. சென்சாரை அதிரவைத்துத் தூசை உதறும் வசதி உண்டு, எல்லாத் தூசுக்கும் அது போதாது. லென்ஸைக் கழற்ற முடியாததால் நாமே சுத்தம் செய்யவும் வழியில்லை. இந்த வரிசைக் கேமராக்களைப் பற்றிப் பயனாளர்கள் பல வருடமாகச் சொல்லிவரும் புகார் இது. வாங்கும் முன்னரே ஏற்றுக்கொண்டு வாங்குங்கள். நான் ஒரு சிறிய ஜிப் பையில் போட்டுத்தான் கால்சட்டைப் பையில் வைக்கிறேன், பையின் மூலைப் பஞ்சு உள்ளே போகாமல் இருக்க.

ஜிஆர் 2-ல் இருந்த ஃப்ளாஷ் இதில் எடுக்கப்பட்டுவிட்டது. கண்ணில் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. திரை அசையாது, மடங்காது. உச்சி வெயிலில் சரியாகத் தெரியவும் தெரியாது. வீடியோ முழு எச்டி மட்டும், அதுவும் பேருக்குத்தான். வீடியோ உங்களுக்கு முக்கியம் என்றால் இந்தப் பக்கத்தை இங்கேயே மூடிவிடலாம்.

இரவில் எப்படி?

எஃப் 2.8 என்பது பெரிய திறப்பு இல்லை. ஆனால் சென்சாரே அசைந்து கை நடுக்கத்தை ஈடுசெய்கிறது. நான்கு ஸ்டாப் வரை என்பது நிறுவனத்தின் கணக்கு. அசையாத பொருளை நான் 1/8 விநாடியில்கூடக் கையில் பிடித்து எடுக்கிறேன். அசையும் மனிதர்களுக்கு அது உதவாது, அங்கே ஐஎஸ்ஓவைத்தான் ஏற்ற வேண்டும். 3200 வரை யோசிக்காமல் போவேன். 6400-ல் மணல் மணலாக வரும். கறுப்பு வெள்ளைக்கு அது அழகாகவே இருக்கிறது. அதற்கு மேலும் கேமரா போகும், நான் போவதில்லை.

இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். காசிமேட்டில் விடியற்காலை நான்கரை மணிக்கு, குழல் விளக்கின் கீழே மீன் ஏலம் நடக்கும்போது அது முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அங்கே நான் நேராக ஸ்னாப் 1.5 மீட்டருக்குப் போய்விடுவேன், எஃப் 4, ஐஎஸ்ஓ 3200. தெளிவாக விழும் ஆழம் குறைவு என்பதால் கால்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ரா எடுக்கவா, ஜேபெக் போதுமா?

இரண்டையும் சேர்த்து எடுங்கள். ரா கோப்பு (கேமரா திருத்தாத மூலப் படம்) டிஎன்ஜி வடிவத்தில் வருவதால் பெரும்பாலான மென்பொருள்களில் திறக்கும். ஜேபெக்குக்கு இருக்கும் பாசிட்டிவ் ஃபிலிம் என்ற நிற அமைப்பும், கறுப்பு வெள்ளையும் அப்படியே கொடுக்கும் தரத்தில் இருக்கின்றன. நம் வெயிலுக்கு, வெளிச்சமான பகுதியைக் காப்பாற்றும் ஹைலைட் அளவீட்டு முறை இருக்கிறது. வெள்ளை வேட்டி வெந்துபோகாமல் இருக்கும்.

ஜிஆர் 3எக்ஸ், ஜிஆர் 4, ஃபூஜி, லைக்கா... எதை வாங்க?

2021-ல் வந்த ஜிஆர் 3எக்ஸ் அதே உடல், 40 மி.மீ. கோணம். கிட்டே போகக் கூச்சப்படுகிறவர்களுக்கும், குழந்தைகள், சாப்பாட்டு மேசை, தனி முகங்கள் எடுக்கிறவர்களுக்கும் அது பொருத்தம். இரண்டில் எது என்று தெரியாவிட்டால், கடந்த ஒரு வருடத்தில் உங்களுக்கே பிடித்த நூறு போன் படங்களை எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் ஓரங்களை வெட்டியிருந்தால் 40. வெட்டாமல் விட்டிருந்தால் 28.

2025-ல் ஜிஆர் 4 வந்துவிட்டது. அதே 28, அதே எஃப் 2.8, ஆனால் லென்ஸ் புதிய வடிவமைப்பு. நடுக்கத் தடுப்பு மூன்று அச்சிலிருந்து ஐந்துக்கு உயர்ந்திருக்கிறது. உள் நினைவகம் 2 ஜிபியிலிருந்து 53 ஜிபி. கார்டு மட்டும் மைக்ரோ எஸ்டி ஆகிவிட்டது. பேட்டரி 250 படம். அமெரிக்க விலை அறிமுகத்தின்போது சுமார் 1,500 டாலர். ஜிஆர் 3 வந்தபோது சுமார் 900. படத்தில் அந்த விலை வித்தியாசம் தெரியுமா என்றால், என் கருத்து: நல்ல நிலையில் ஜிஆர் 3 கிடைத்தால் அதை வாங்கி, மிச்சப் பணத்தில் ஊர் சுற்றுங்கள்.

ஃபூஜி எக்ஸ்100 6 வேறு ஜாதி. 35 மி.மீ. கோணம், எஃப் 2, 40 மெகாபிக்சல், வியூஃபைண்டர் எல்லாம் உண்டு. எடை ஜிஆரின் இரண்டு மடங்கு. கழுத்தில் தொங்கவிட வேண்டிய கேமரா அது. லைக்கா க்யூ3-ல் 28 மி.மீ. எஃப் 1.7, முழு ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்), 60 மெகாபிக்சல், தூசு, தூறல் தடுப்பு என்று எல்லாம் இருக்கிறது. கையில் ஒருமுறை பிடித்துப் பார்த்திருக்கிறேன், அருமையான பொருள். ஆனால் அந்த விலைக்கு ஒரு கேமராவை நான் மீன் ஏலக் கூட்டத்துக்குள் எடுத்துப் போக மாட்டேன். எடுத்துப் போகாத கேமராவால் எனக்கு உபயோகம் இல்லை.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம், சோதித்து வாங்குங்கள். இதற்கு முன்னால் நான் வேறு ஒரு வைட் கேமரா பழையதாக வாங்கினேன். விற்றவர் "கண்ணாடி மாதிரி இருக்கு தம்பி" என்றார், நம்பினேன். மறுநாள் காலை மெரினாவில் எஃப் 11-ல் வானம் எடுத்தபோது மேல்பாதியில் ஏழு புள்ளி. திருப்பிக் கேட்டதற்கு, வாங்கிய பிறகு நான்தான் கெடுத்தேன் என்று சொல்லிவிட்டார். மேலே சொன்ன எஃப் 16 வெற்றுச் சுவர் சோதனையை அன்று கடையிலேயே செய்திருந்தால் அந்தப் பணம் போயிருக்காது.

கூடவே, லென்ஸ் மூடி இதழ்கள் முழுசாகத் திறந்து மூடுகின்றனவா என்று பாருங்கள். குழல் நீளும்போது கரகரவென்று சத்தம் வந்தால் மணல் புகுந்திருக்கிறது, வேண்டாம். டார்ச் அடித்துக் கண்ணாடிக்குள் நூல் நூலாகப் பூஞ்சை தெரிகிறதா என்று பாருங்கள்.

பூஞ்சை வராமல் எப்படி வைப்பது?

கடலோர ஊரில் இருக்கிறவர்களுக்கு இது முக்கியம். கழற்றும் லென்ஸில் பூஞ்சை வந்தால் லென்ஸை மாற்றலாம்; இதில் கேமராவையே பிரிக்க வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் வாங்கி, 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வையுங்கள். தோல் உறைக்குள் போட்டுப் பீரோவில் வைப்பதுதான் மிக மோசம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைவிட நல்ல வைத்தியம் வாரம் ஒரு முறையாவது வெளியே எடுத்துப் படம் எடுப்பது.

வாங்கிவிட்டேன். முதல் மாதம் என்ன செய்ய?

ஒரு இஞ்ச் டேப்பும் ஒரு சாக்பீஸும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். துணி காயப்போடும் கம்பத்திலிருந்து 1 மீட்டரில் ஒரு கோடு, 1.5-ல் ஒன்று, 2-ல் ஒன்று, 3-ல் ஒன்று. ஒவ்வொரு கோட்டிலும் நின்று, வீட்டில் யாரையாவது கம்பத்தருகில் நிற்கவைத்து எடுங்கள். எந்தக் கோட்டில் முகம் மட்டும், எதில் இடுப்பு வரை, எதில் முழு ஆள் என்று கண்ணுக்குப் பழகட்டும். பிறகு கோட்டைப் பார்க்காமல் நடந்து போய், 1.5 மீட்டர் என்று தோன்றும் இடத்தில் நின்று, குனிந்து பாருங்கள். முதல் வாரம் நான் எப்போதும் அரை மீட்டர் தள்ளியே நின்றேன். என் மகள்தான் கம்பத்தருகில் நின்று, "அப்பா, இன்னும் ஒரு அடி வா" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். மூன்றாவது வாரம் மழை வந்து கோடுகளை அழித்துவிட்டது. திரும்பப் போடத் தேவைப்படவில்லை.